தராசில் இரண்டு குருவிகள்

தொண்ணூறு புள்ளி மூன்று.

திரையில் அந்த எண் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். தொண்ணூறுக்குள் நின்றிருந்தால் அந்தக் குருவிகள் இரண்டு இனம். தாண்டினால் ஒரே இனம். புள்ளி மூன்றுக்காக ஒரு பள்ளத்தாக்கையே தண்ணீருக்குள் தள்ளப் போகிறார்கள்.

"மேடம், கொஞ்சம் உட்காருங்க" என்றாள் ஆபிதா.

"உட்கார்ந்துதான இருந்தேன். உங்க மெஷின்தான் எழுப்பி விட்டுருச்சு."

ஆபிதா கெட்டவள் அல்ல. என் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். கெட்டவளாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்திருக்கலாம். சென்னையில் அந்த அலுவலகத்தின் ஆறாவது மாடியில், இன ஒப்பீட்டு முறைமை என்ற நீளப் பெயர் கொண்ட இயந்திரத்துக்கு அவள் பொறுப்பாளர். வாயில் நுழையாததால் எல்லோரும் அதைத் தராசு என்பார்கள்.

சட்டம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். வெயில் ஏறிக்கொண்டே போகிறது, காடு சுருங்கிக்கொண்டே வருகிறது, எல்லா உயிருக்கும் இடம் ஒதுக்க முடியாது. ஆகவே ஓர் இனத்துக்கு ஓர் இடம். அந்த இடத்தை அரசு எப்பாடு பட்டாவது காக்கும். மற்றதைக் கைகழுவிவிடும். எது தனி இனம், எது வெறும் கிளை என்று விஞ்ஞானிகள் ஆயுள் முழுக்கச் சண்டை போடுவார்கள் என்பதால் அந்தத் தீர்ப்பை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். சட்டம் வந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நீலகிரியில் ஒரு குருவி, பழனி மலையில் ஒரு குருவி, நடுவே பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த சோலைக்குள் பிறந்து அங்கேயே சாகிற இவை அந்த வெக்கையான கணவாயைத் தாண்டிப் பறந்ததே இல்லை. வடக்கே செவ்வயிற்றுச் சோலைப்பாடி. தெற்கே வெண்வயிற்றுச் சோலைப்பாடி. தெற்கத்திக் குருவியைக் கொம்பாறை ஊர்க்காரர்கள் கருக்கல் குருவி என்பார்கள், விடியும் முன் கருக்கலில் பாடுவதால். ஒரு காலத்தில் ஐந்து சோலைகளில் இருந்தது. யாரும் பதிவு செய்வதற்கு முன்பே நான்கில் முடிந்துபோனது. மிச்சம் கொம்பாறைச் சோலை மட்டும், அதில் நாற்பத்தெட்டுப் பறவைகள். இரண்டும் வேறு வேறு இனம் என்று இருபத்தாறு வருடமாகக் கத்திக்கொண்டிருப்பவள் சண்முகவடிவு, அதாவது நான். ஒரே இனம் என்று முடிவானால் அரசு நீலகிரியை வைத்துக்கொள்ளும். கொம்பாறையில் நீரேற்று மின்நிலையத்துக்கு அணை கட்டும். வரைபடம் தயாராக இருந்தது.

"எதுல இடிக்குது?" என்று கேட்டேன்.

"மரபணு எண்பத்தெட்டு, உடல் எண்பத்தாறு. ரெண்டும் பிரச்சினை இல்லை. பாட்டுதான் மேடம். தொண்ணூத்தேழு. மூணையும் கூட்டி மூணால வகுத்தா..."

"எனக்கு வகுக்கத் தெரியும். தொண்ணூத்தேழு எப்படி வரும்? தெற்குக் குருவி பாட்டு முடியிறப்ப ரெண்டு டிக் வைக்கும். வடக்குல எந்தக் குருவியும் வைக்காது. அதை உங்க தராசு கணக்குல எடுத்துச்சா?"

ஆபிதா எதையோ தட்டிப் பார்த்தாள். "அதைக் கருவி ஒலின்னு நீக்கியிருக்கு மேடம்."

கருவி ஒலியாம்! அந்த இரண்டு டிக்கைப் பற்றித்தான் என் பெயர் சொல்லும் கட்டுரையே. 'இறுதிச் சொடுக்கு: தெற்குச் சோலைப்பாடியின் தனி அடையாளம்.' இரண்டு மலைகள் பிரிந்த லட்சக்கணக்கான வருடங்களில் அந்தச் சொடுக்கு எப்படி உருவாகியிருக்கும் என்று பதினான்கு பக்கம் எழுதியிருந்தேன். அதற்காக எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். புதிதாக, சுத்தமாக, என் கையாலேயே பதிவு செய்து உங்கள் தராசின் முகத்தில் எறிகிறேன் என்று சொல்லிவிட்டு மலையேறினேன்.

செல்லாண்டி வலையோடு காத்திருந்தார். கொம்பாறைக்காரர், என் வயதுதான் இருக்கும். ஊரில் பூண்டும் பீன்ஸும் போட்டுக்கொண்டு, இருபத்தாறு வருடமாக என்னோடு குருவி பிடிக்கிறார். கடைசி எட்டு வருடமாக நான் கூட்டங்களுக்கும் அறிக்கைகளுக்கும் அலைந்துகொண்டிருக்க, சோலைக்குள் தினமும் போய்வந்தவர் அவர்தான்.

"என்ன மேடம், சோந்து போயி வந்துருக்கீக?"

"நாளைக்குக் காலையில பாட்டு வைக்கணும் செல்லாண்டி. ஒரு ஆணை நல்லாப் பாட விட்டுப் பதிவு பண்ணணும்."

பாட்டு வைப்பது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. சோலைப்பாடி லேசில் கண்ணில் படாது. அதன் எல்லைக்குள் ஒரு ஸ்பீக்கரை வைத்து இன்னொரு ஆணின் பாட்டைப் போட்டால், எவன்டா என் இடத்தில் வந்து பாடுகிறவன் என்று சண்டைக்கு வரும். வந்த வேகத்தில் வலையில் விழும். காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து விட்டுவிடுவோம். கூடு கட்டும் காலத்தில்தான் அதற்கு ரோஷம் அதிகம் என்பதால் மார்ச் முதல் ஜூன் வரை ஏழு இடங்களில் தினமும் காலையில் பாட்டு வைப்போம்.

மறுநாள் ஆறு மணிக்குச் செல்லாண்டி இரண்டாம் இடத்தில் ஸ்பீக்கரை வைத்துவிட்டுப் பின்னால் வந்து என்னருகே குந்தினார். பாட்டு ஓடியது. ஏறி இறங்கி ஒரு விசில், ஒரு சின்ன நடுக்கம், முடிவில் டிக் டிக். புதருக்குள்ளிருந்து குருவி பதில் சொன்னது. ஏறி இறங்கி ஒரு விசில், ஒரு சின்ன நடுக்கம், டிக் டிக்.

பதிவுக் கருவியை நிறுத்தினேன்.

"செல்லாண்டி, இது எந்தப் பாட்டு?"

"நம்ம பழைய பாட்டுதேன் மேடம். ஒண்ணாம் நம்பரு. மொத வருஷம் நீங்க குடுத்தது. இதுக்குத்தேன் சட்டுன்னு வருது."

"பத்தாவது வருஷம் வேற பாட்டு குடுத்தேன்ல?"

"அது இங்கன பிடிச்ச குருவியோடது. அதையும் வச்சுப் பாத்தோம். ரெண்டும் ஒண்ணு மாதிரித்தேன் இருந்துச்சு. அதேன் பழசையே வச்சுக்கிட்டோம்."

முதல் வருடம் எங்களிடம் கொம்பாறைக் குருவியின் நல்ல பதிவு ஒன்றுகூட இல்லை. மழை, மூடுபனி, ஓட்டை மைக். நீலகிரிக் குருவியின் பாட்டை வைத்துப் பார்த்தோம். அன்னியன் என்பதாலோ என்னவோ, இன்னும் கோபமாக வந்தது. வேலை நடந்தால் போதாதா? செயல்முறைக் குறிப்பில் 'ஒண்ணாம் பாட்டைப் பயன்படுத்தவும்' என்று நானே என் கையால் எழுதினேன். எனக்குப் பின்னால் வந்த எல்லா மாணவர்களும் அதை அப்படியே பின்பற்றினார்கள். சண்டைக்கு வருகிற அப்பனை மட்டும் பார்த்தோம். வலையில் சிக்கி மீண்டவன் பயத்தில் பல நாள் பாடாமல் கிடக்க, பத்தடி தள்ளிக் கூட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டு எங்கள் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருந்த குஞ்சுகளை ஒருத்தரும் நினைக்கவில்லை. பாடும் பறவைக்குப் பாட்டு பிறப்பில் வருவதில்லை, குஞ்சாக இருக்கும்போது கேட்டுப் படிக்கிறது என்று வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தியவள் நான்.

அங்கேயே நின்று போஜராஜனுக்குப் போன் போட்டேன். என்னோடு படித்தவன், கோத்தகிரிப் பக்கத்துப் படுகன், நீலகிரிக் குருவிக்கு அவன்தான் எல்லாம். ஒண்ணாம் பாட்டைப் பதிவு செய்தது அவன்.

"அந்தப் பாட்டுக் கடைசியில ரெண்டு டிக் வருதே, அது என்னடா?"

"அதா? ரெக்கார்டர்ல பேட்டரி தீரப் போகுதுன்னு வர்ற சத்தம் வடிவு. நான் அதை வெட்டாமலே உனக்கு அனுப்பிட்டேன். ஏன்?"

போனைக் காதில் வைத்தபடியே எட்டிப் போய் ஸ்பீக்கரை அணைத்தேன்.

"ஏய் வடிவு, உன் இறுதிச் சொடுக்கு கட்டுரை..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "உன் பறவை என் பறவை ஆயிட்டா எனக்கு மட்டும் என்ன சந்தோஷமா?" என்றான்.

அன்று மாலை வரை செல்லாண்டியோடு நான் பேசவில்லை. அவர் மேல் கோபப்பட ஆசைதான். சொன்னதைச் சொன்னபடி செய்த மனிதர் மேல் எப்படிக் கோபப்படுவது?

ஆபிதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரியைச் சொன்னபோது அவள் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"அப்ப நாற்பத்தெட்டுப் பறவையும் உங்க ஸ்பீக்கர்கிட்டப் பாட்டு கத்துக்கிட்டதா மேடம்?"

"என் ஸ்பீக்கர்கிட்டக் கத்துக்கிட்டவங்ககிட்டக் கத்துக்கிட்டது. எட்டுத் தலைமுறை ஆச்சு. அந்தப் பாட்டு வரிசையைத் தூக்கிப் போட்டுருங்க. மரபணுவும் உடலும் மட்டும் வச்சுப் பாருங்க, எண்பத்தேழுதான் வருது. வேற இனம்."

"வரிசையைக் காலியா விட முடியாது. விட்டா கோப்பு தானா மூடிக்கும், ஒரே இனம்னு." அவள் குரல் தாழ்ந்தது. "ஒரு வழி இருக்கு. நீங்க பாட்டு வைக்கிறதுக்கு முந்தின பாட்டு வேணும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால கொம்பாறையில பதிவானது. வெட்டாம, ஒட்டாம, தேதியோட. அதைக் குடுத்தா தராசு அதைத்தான் எடுத்துக்கும்."

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்தக் காட்டில் யார் குருவிப் பாட்டைப் பதிவு செய்தார்கள்? வானொலி நிலையம், கல்லூரிகள், வனத்துறைக் கிடங்கு, மலையேறுகிறவர்கள், தேயிலைத் துரைமார் வீட்டுப் பெட்டிகள் என்று நான்கு மாதம் நாய் மாதிரி அலைந்தேன். எங்கே போனாலும் தேநீர் கொடுத்தார்கள். பாட்டு இல்லை.

கடைசியில் செல்லாண்டிதான், நான் கேட்காமலே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எங்கக்கா கல்யாண வீடியோ ஒண்ணு கெடக்கு மேடம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தி. காலையில அஞ்சரைக்கு முகூர்த்தம். பந்தல் சோலை ஓரத்துல. கருக்கல் நேரம் பாத்துக்கங்க, குருவி பாடத்தேன் செஞ்சிருக்கும்."

"இத்தன நாள் ஏன்யா சொல்லல?"

"மேளச் சத்தத்துல என்னத்தக் கேக்கப் போவுதுன்னு இருந்தேன்" என்றார். பிறகு, "பொய் சொல்றேன் மேடம். அதுல மேளமே இல்லாத ஒரு இடம் இருக்கு. அதேன் சொல்லல" என்றார்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு முதல் மாலை போடவில்லை என்று தகராறு. மேளத்தை நிறுத்திவிட்டார்கள். வீடியோக்காரர் கேமராவைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சண்டையை விலக்கப் போய்விட்டார். கேமரா தன்பாட்டுக்கு ஓடியது. மணவறையில் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். படத்துக்கு வெளியே செல்லாண்டியின் அப்பா கத்துகிறார்: "இவளை எவன் தலையிலயாச்சும் கட்டித் தொலைச்சாப் போதும்னு இருக்கேன், நீங்க வேற ஏன்யா உசுர எடுக்கிறீக!" அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. பதினோரு வினாடி அமைதி. அந்த அமைதிக்குள் சோலைப் பக்கமிருந்து ஒரு குருவி பாடுகிறது. நான் அதுவரை கேட்டேயிராத பாட்டு. ஏறி இறங்கவில்லை. இறங்கி, இறங்கி, நின்று, மறுபடி கீழிருந்து மூன்று படியாக ஏறியது. இருபத்தாறு வருடம் அந்தக் குருவியோடு வாழ்ந்தும் அதன் குரலை முதல் முறையாக அப்போதுதான் கேட்டேன். அழுகை வந்தது. செல்லாண்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீடியோவை முழுசாகத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பொது ஆவணத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செல்லாண்டியின் அக்கா அங்கம்மாளிடம் கேட்காமல் முடியாது என்று அவர் வீட்டுக்குப் போனோம். பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பன் பேச்ச வெட்டிட்டுக் குருவிய மட்டும் எடுத்துக்கிற முடியாதாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"முடியாதும்மா. வெட்டினா ஏத்துக்க மாட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் பூண்டைக் கிளறினார். "அணை கட்டுனா இந்த வீடும் தண்ணிக்குள்ளதான போவும்?"

"ஆமா."

"இருபத்தெட்டு வருசமா நான் மட்டுந்தேன் அதக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இனி ஊரும் கேட்டுட்டுப் போகட்டும். கொண்டு போங்க."

தராசு அந்த வீடியோவைத் தின்றது. தேதியைச் சரிபார்த்தது, விடிந்த பின் விழுந்த பந்தல் மூங்கிலின் நிழலை அளந்தது, அப்பாவின் குரலைப் பிரித்து ஒரு பக்கம் வைத்தது, குருவியை இன்னொரு பக்கம் வைத்தது. பாட்டு வரிசை தொண்ணூற்றேழிலிருந்து முப்பத்தொன்றுக்கு இறங்கியது. சராசரி அறுபத்தெட்டு.

"வேற இனம்" என்றாள் ஆபிதா. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் செல்லாண்டிக்குப் போன் போட்டு, அங்கம்மாளுக்குச் சொல்லச் சொன்னேன். அன்று அந்த ஆறாவது மாடியிலிருந்து படியிறங்கியது போல வாழ்க்கையில் நான் சந்தோஷமாக எங்கிருந்தும் இறங்கியதில்லை.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஆணை வந்தது. ஒரே பக்கம்.

'இனம் ஒன்று: செவ்வயிற்றுச் சோலைப்பாடி. இனம் இரண்டு: வெண்வயிற்றுச் சோலைப்பாடி. ஒப்பீட்டு முடிவு: வேறு இனங்கள். இனம் இரண்டு, உயிருடன்: பூஜ்யம்.'

தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஆபிதாவை அழைத்தேன்.

"தப்பில்லை மேடம்" என்றாள். அழுதிருப்பாள் போலிருந்தது. "இனம் ரெண்டோட பாட்டுன்னா இப்ப அந்த வீடியோதான் அளவு. உயிரோட இருக்கிற பறவை ஒவ்வொண்ணையும் மூணு வரிசையிலயும் அதோட ஒப்பிட்டிருக்கு. உங்க நாற்பத்தெட்டும் பாட்டுல தோத்துப் போச்சு."

"அப்ப அது என்ன இனமாம்? வடக்கா?"

"வடக்கும் இல்ல. ஒத்தைப் பறவைக்கு மூணு வரிசையும் தனித்தனியா தொண்ணூறு தாண்டணும். மரபணு இடிக்குது. வகைப்படாதவைன்னு போட்டிருக்கு. வகைப்படாததுக்குப் பாதுகாப்பு கிடையாது மேடம்."

"ஏம்மா, நாற்பத்தெட்டுக் குருவி அங்க உயிரோட குதிச்சுக்கிட்டு இருக்கு! நான் நேத்துக்கூடப் பார்த்தேன்!"

"எனக்குத் தெரியும் மேடம்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என் குருவி வடக்குக் குருவியின் தங்கையாகவாவது இருந்திருக்கும். சொன்னதால் அது செத்தே போய்விட்டது. ஒரு பெண் மணவறையில் பட்ட அவமானத்தைத் தெருவில் போட்டுக் கொண்டுவந்த ஆதாரம், அந்தக் குருவிக்குச் சாவுச் சான்றிதழ் ஆனது. ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறிந்தேன். எறிந்த போனை நானே போய்ப் பொறுக்கினேன்.

மேல்முறையீட்டுக்குப் பதினெட்டு மாதம் இருந்தது. பழைய பாட்டைப் பாடும் ஒரு பறவையாவது உயிரோடு இருப்பதாகக் காட்டினால் ஆணை மாறும். அது எங்கே இருக்கப் போகிறது? அப்போதுதான் செல்லாண்டி சொன்னார்:

"கெடுத்தது நாமதான மேடம். அதே மாதிரி திருப்பிச் சொல்லிக்குடுத்துருவோம்."

அடுத்த மார்ச்சில் ஏழு இடத்திலும் கல்யாண வீடியோப் பாட்டை வைத்தோம். வலை கட்டவில்லை. மாணவர்கள் யாரையும் அழைக்கவில்லை. நான்கு மாதம், விடிந்தும் விடியாமலும் இருவரும் போனோம். பத்தொன்பது குஞ்சுகள் பொரித்தன. வலைக்குப் பயப்பட வேண்டியிராததால் ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் அப்பன் உட்கார்ந்து, இறுதிச் சொடுக்கோடு, பேட்டரி தீரப் போகும் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினான். குஞ்சுகள் அவனைத்தான் கேட்டன. அவற்றுக்கு ஸ்பீக்கர் யாரோ எவனோ. அப்பன் யார் என்றுதான் தெரியும்.

ஒரே ஒரு கூடு மட்டும் வேறு மாதிரி ஆனது. நாலாம் இடத்தில் இருந்த அப்பனை ஏப்ரலில், குஞ்சு பொரிக்கும் முன்பே, ஒரு காட்டுப்பூனை அடித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் வேறு ஆண் இல்லை. அந்தக் கூட்டின் குஞ்சு, எங்கள் ஸ்பீக்கரைத் தவிர வேறு பாட்டே கேட்காமல் வளர்ந்தது.

அதற்கடுத்த மார்ச்சில் அது பாடியது. இறங்கி, இறங்கி, நின்று, மூன்று படியாக ஏறி. செல்லாண்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார். இருபத்தேழு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பதிவு செய்தேன். நம்பிக்கை வராமல் இரண்டாம் தடவையும் பதிவு செய்தேன்.

மூன்று வாரம் அதன் பின்னாலேயே அலைந்தோம். விடியும் முன் ஆரம்பித்து வெயில் ஏறும் வரை பாடும். பெட்டைக் குருவிகள் பக்கத்துக் கிளை வரை வரும், ஒரு நிமிடம் கேட்கும், போய்விடும். அவையும் குஞ்சாக இருந்தபோது பேட்டரிப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவைதானே. இவன் என்ன சொல்கிறான் என்று அவற்றுக்கு விளங்கவில்லை.

"அது பாட்டுக்குப் பாடிக்கிட்டே கெடக்கு மேடம்" என்றார் செல்லாண்டி. "ஒண்ணும் அண்ட மாட்டேங்குது. பாவமா இருக்கு."

மேல்முறையீட்டுப் படிவத்தில் இருபது கேள்விகள். பதினோராவது: 'விண்ணப்பதாரர் இப்பறவைகளின் வாழிடத்தில் பதிவு செய்யப்பட்ட பாட்டை ஒலிபரப்பியதுண்டா?' உண்மை சொல்லி ஒரு தடவை பட்டாயிற்று. 'இல்லை' என்று எழுதினேன். அறியாமல் செய்த தப்புகள் என் கணக்கில் ஏராளம் உண்டு. அறிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான். பேனா தயங்கவே இல்லை. எனக்கே அது பயமாக இருந்தது.

இரண்டு நாளில் ஆபிதா அழைத்தாள்.

"மேடம், பதினோராவது கேள்வி. இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

ஸ்பீக்கர் கதையை முதலில் கேட்டவள் அவள்தான். ஒரு குருவிக்கு இருபத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுப் பாட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"சரி மேடம்" என்றாள். "ஒரு தடவை கேட்கணும்னு விதி. கேட்டுட்டேன்."

ஜூலையில் ஆணை வந்தது. இம்முறை ஒரே தாள். செல்லாண்டியின் பூண்டு வயல் ஓரத்தில் நின்று அவருக்குப் படித்துக் காட்டினேன். 'இனம் இரண்டு, உயிருடன்: ஒன்று. ஆண். கொம்பாறைச் சோலை மேற்படிப் பறவையின் ஆயுட்காலம் வரை பாதுகாக்கப்படும். அதன்பின் கோப்பு மூடப்படும்.'

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"இந்தக் குருவி எத்தன வருசம் இருக்கும் மேடம்?"

"நல்லா இருந்தா ஏழு வருஷம்."

"அப்ப அதுக்குள்ள அதுக்கு ஒரு பொண்ணு பாக்கணும்."

"இந்தப் பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்த பொண்ணு வேணும் செல்லாண்டி. அப்பதான் இவன் பாடுறது அதுக்குப் புரியும்."

"அப்பன் பாடிக்கிட்டு இருந்தா எந்தக் குஞ்சும் நம்ம ஸ்பீக்கரக் கேக்காது. அதையும்தேன் பாத்துட்டமே" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்க்காமல் சோலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகைப்படாதவை நாற்பத்திரண்டு இருந்தன. அவற்றைப் பிடிக்க அனுமதி தேவையில்லை என்று அதே ஆணையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. அதை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை.

"மார்ச் ஒண்ணாம் தேதி காலையில வந்துருங்க" என்றேன். "இந்தத் தடவை வலையையும் எடுத்துட்டு வாங்க."